வெள்ளையடித்த குற்றம்

1

இதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்துவிட்டேன். எழுதினால் இன்னும் என்னென்ன வந்து சேருமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் ஊரில் இருக்கிற உங்கள் காதுக்குப் பொய்தான் முதலில் எட்டும் என்று இன்னொரு பயம். இரண்டாவது பயம் பெரிதாகிவிட்டபடியால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்தில் குற்றம் இருந்தால் பத்திரிகை ஐயா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

பதினைந்து நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, உப்பும் கருவாடும் வாங்கப் பதுளைக் கடைவீதிக்குப் போயிருந்தேன். மகள் அஞ்சலையும் கூட வந்தாள். அங்கே மளிகையும் துணியும் விற்கிற காசிம் நானா எனக்கு இருபது வருஷத்துப் பழக்கம். இந்த ஊரில் முஸ்லிம் பெரியவர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்கிற மாதிரி. என்னைத் தூரத்தில் கண்டதுமே அவர் கையை ஆட்டினார்.

"கொத்தனார், இங்க வாங்கொ. ஒங்களப் பத்தி பேப்பர்ல போட்டிரிக்கான்."

நான் கடைப்படியேறினேன். "என்னப் பத்தியா? எம் பேரயா?"

"பேர் போடல்ல. கூலிகள்னு போட்டிரிக்கான். நீங்களும் அதுக்குள்ள தானே."

அது இங்கிலீஷ் பேப்பர். அஞ்சலை பதுளை மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இப்போது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அ ஆ சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வாங்கி, வரிவரியாகத் தமிழில் சொன்னாள். பல நூறு வருஷப் பழமையான ஒரு பௌத்த மடத்தின் இடிபாடுகளைத் தோட்டக் கூலிகள் நாசம் செய்துவிட்டார்களாம். அறியாமையாலோ கெட்ட எண்ணத்தாலோ செய்தார்களாம். எழுத்து வெட்டிய ஒரு கல்லைப் படிக்க முடியாமல் கெடுத்துவிட்டார்களாம். நல்ல வேளையாகச் சர்க்கார் தலையிட்டு முள்கம்பி வேலி போட்டுவிட்டதாம்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதாம்ப்பா."

"பங்களாவுல நிக்கிற தூணப் பத்தி?"

"ஒரு எழுத்து இல்லப்பா."

நாசம் செய்தது யார் என்று உங்களுக்குச் சொல்கிறேன். அதில் நானும் ஒருவன்தான். ஆனால் பேப்பரில் போட்டிருக்கிற காரியத்துக்காக அல்ல.

2

எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎலவுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. பெயரை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அதன் உச்சியில் ஒரு ஏக்கர் அளவுக்குக் கல்தூண்கள், படிக்கட்டு, உடைந்த ஒரு சின்னத் தூபி, எழுத்து வெட்டிய பலகைக்கல் ஒன்று. நாங்கள் அதைக் கல்மேடு என்போம். சிங்களவர் பழைய பன்சலை என்பார்கள். பன்சலை என்றால் அவர்களுடைய சாமியார்கள் குடியிருக்கிற மடம்.

கீழே கிராமத்துப் பன்சலையில் ஒரு கிழ ஆமதுரு இருக்கிறார். பௌத்த சாமியாரை இங்கே அப்படித்தான் சொல்லுவோம். கடைத்தமிழ் நன்றாகப் பேசுவார். அவரிடம் இருக்கிற ஏட்டில் இந்த மேட்டின் கதை இருக்கிறதாம். அவர் சொன்னதை என் அறிவுக்கு எட்டிய மட்டும் சொல்கிறேன்.

ஆதியில் ஒரு ராஜா இந்த மலையை ஆமதுருமாருக்குக் கொடுத்தான். நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பிறகு அவர்களுக்குள்ளேயே காட்டில் தவம் செய்கிறவர்கள், ஊருக்குள் போய்ப் போதிக்கிறவர்கள் என்று இரண்டு கட்சியாகிச் சண்டை வந்தது. ஒரு கட்சி போய்விட்டது. பிறகு யுத்தங்கள். நாடு முழுக்கவே முறையாகத் துறவு கொடுக்க ஆளில்லாமல் போன காலத்தில், வெள்ளை வேட்டி கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழ்ந்த சாமிமார் இங்கே இருந்து விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் போன பிறகு, நம் பக்கத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து வந்த ஓர் ஆண்டி, காலில் புண் கண்டு மேலே நடக்க முடியாமல், கையிலிருந்த வேலை இங்கேயே ஊன்றி உட்கார்ந்துவிட்டார். அவர் காலத்துக்குப் பிறகு ஒரு பக்கீர் வந்தார். அவருடைய சமாதி தூபிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காசிம் நானா வீட்டார் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பச்சைத் துணி போர்த்திப் பாத்திஹா ஓதுவார்கள். அதற்குப் பிறகு காடு. காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள். கோப்பி பூச்சி விழுந்து செத்தது. தேயிலை போட்டார்கள். நாங்கள் வந்தோம்.

"ஒருத்தர் போனா ஒருத்தர். எடம் மட்டும் போக இல்லை," என்பார் ஆமதுரு.

நாங்கள் அந்த மேட்டுக்கு எதற்குப் போகிறோம் என்று நீங்கள் கேட்பீர்கள். சாமிக்கு, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. மேட்டுக்குப் போவது செத்தவர்களுக்காக.

இங்கே ஆள் செத்தால் தோட்டத்தின் ஒரு மூலையில் புதைக்கிறோம். கொஞ்ச வருஷம் போனதும் அந்த மூலையிலும் தேயிலை போட உத்தரவாகும். எங்கள் பிணத்தின் மேல் நாங்களே குழி வெட்டிக் கன்று நடுவோம். அஞ்சலைக்குப் பதினோரு மாதம் ஆனபோது என் பெண்சாதி மருதாயி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளைப் புதைத்த இடத்தில் இன்றைக்குக் கொழுந்து கிள்ளுகிறார்கள். எந்தச் செடி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பெண்கள் அந்தச் செடியில் கை வைக்க மாட்டார்கள். கை வைக்காவிட்டால் கங்காணி அடிப்பான்.

கல் நிறைந்த மேடு என்பதால் அங்கே மட்டும் தேயிலை போட முடியவில்லை. அதனால் ஆடி வெள்ளிதோறும் லயத்து ஜனம் முழுதும் மேடேறி, அவரவர் ஆளுக்கு ஓர் அகல் ஏற்றி வைக்கும். யார் கல், எந்தக் காலத்துக் கல் என்று நாங்கள் கேட்டதில்லை. அணையாமல் எரிய ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

3

இப்போது என் பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வந்த புதிதில் அப்போதைய பெரிய துரை பங்களாவுக்கு முன்வாசல் எடுத்துக் கட்டினார். கல் வேண்டும் என்றார். மேட்டில் நிற்கிற தூண்களில் நல்லதாக ஆறு பார்த்துப் பெயர்த்துக் கொண்டு வரச் சொன்னார். நானும் பன்னிரண்டு ஆட்களும் கயிறு கட்டி உருட்டிக் கொண்டு வந்தோம். ஒரு தூணின் தலையில் தாமரை செதுக்கியிருந்தது. அது கூரையில் இடிக்கிறது, வெட்டு என்றார். என் உளியால் வெட்டினேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாட்டேன் என்று சொல்ல முடியும் என்பதே தெரியாது. அந்த ஆறு தூணும் இன்றைக்கும் பங்களா வாசலில் பூங்கொடி சுற்றிக்கொண்டு நிற்கின்றன. அதற்கு நாசம் என்று பெயரில்லை.

இந்த வருஷம் சித்திரை கழிந்து, மேட்டைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி வரப்போகிறார் என்று செய்தி வந்தது. எந்த இலாகா என்று எனக்குச் சரியாகத் தெரியாது. அந்த இடம் யாருக்கு உரியது என்று விசாரித்து முடிவு சொல்வாராம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. மேடு இப்படிப் பாசி பிடித்துக் கிடந்தால், கேட்பாரற்ற இடம் என்று சொல்லி அதையும் எடுத்துக்கொள்வார்களே!

உங்களுக்கு இங்கத்து வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். டாக்டர் துரையோ சர்க்கார் ஆளோ லயம் பார்க்க வந்தால், முதல் நாள் லயம் முழுதும் வெள்ளையடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் கங்காணிக்கு ஏச்சு, எங்களுக்கு உதை. பிறந்ததிலிருந்து இதைத்தான் இங்கத்துப் பிள்ளைகள் பார்க்கின்றன. பெரிய மனிதர் வந்தால் வெள்ளை. மரியாதை என்றாலே வெள்ளை.

"மேட்டுக்கு வெள்ளையடிக்கணும்," என்று நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. நான்தான்.

மறுப்பு சொல்லவும் ஆளில்லை. காசிம் நானா ஒரு மூட்டை சுண்ணாம்பு கொடுத்தனுப்பினார். "எங்கட பக்கீர்வாப்பாட கபுருக்கும் ரெண்டு கை போடுங்கொ," என்றார். ஆமதுருவிடம் பயந்துகொண்டே போய்க் கேட்டேன்.

"நல்லது தானே," என்றார். "நம்ம பன்சலைத் தூபிக்கும் வருஷா வருஷம் சுண்ணாம்பு தானே பூசுறது. மூணு வருஷமா ஆள் இல்லாம நின்னுபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மேடேறினோம். பெண்கள் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு பாசியைத் தேய்த்துக் கழுவினார்கள். தூணைத் தேய்த்துக்கொண்டிருந்த பழனியம்மா, என் தங்கை முறை, "அண்ணே, எம் புருசன இப்பிடித் தேச்சிருந்தா அவனாவது வெளுத்திருப்பான்," என்றாள். ஒரே சிரிப்பு. நான் தூணுக்கெல்லாம் இரண்டு பூச்சு கொடுத்தேன். எழுத்துக்கல்லுக்கு மூன்று. எழுத்து வெட்டிய பள்ளங்கள் அழுக்காகத் தெரிந்ததால் நன்றாக அடைத்து வழித்தேன். கடைசியில், வெறும் வெள்ளையாக இருக்கிறதே என்று நம் கோயில் மதில் மாதிரி காவிப்பட்டையும் அடித்தோம். தூபிக்கும் அடித்தோம். பக்கீர் சமாதிக்கும் அடித்தோம். ஆமதுரு பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"சிவப்புக் கோடு நம்மகிட்ட இல்லை," என்றார். "ஆனா, வடிவாத்தான் இருக்கு."

4

அதிகாரி வந்தார். பதுளைச் சர்க்கார் கச்சேரியிலிருந்து மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்து ஐயா ஒருவரும் வந்தார். மேட்டின் மேல் வந்ததும் அந்த அதிகாரி துரை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். முகம் சிவந்தது. நான் சந்தோஷத்தில் என்று நினைத்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"துரை கேக்கிறார், உது ஆர் செய்த வேலை எண்டு," என்றார் யாழ்ப்பாணத்தார்.

"நாங்கதாங்க. ஐயா வர்றாங்கன்னு," என்றேன், கைகட்டிக்கொண்டு.

துரை பேனாக்கத்தியை எடுத்து எழுத்துக்கல்லைச் சுரண்டினார். சுண்ணாம்போடு கல்லும் பொருக்குப் பொருக்காக வந்தது. அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் நாய்கள் ஓடின.

"எத்தினையோ நூறு வருசத்து எழுத்தை அழிச்சுப்போட்டியளாம். காவிப்பட்டை அடிச்சது, உங்கடை கோயில் எண்டு பொய்யாய் உரிமை கொண்டாடவாம். நேற்றுச் செய்த வேலையை வச்சு ஆரை ஏமாத்தப் பாக்கிறியள் எண்டு கேக்கிறார்."

"ஐயோ, இல்லீங்க. லயத்துக்கு அடிக்கிறோம்லங்க, அது மாதிரி..."

அவர் அதை மொழிபெயர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆமதுரு முன்னால் வந்து, தாமும் சம்மதித்ததாகச் சிங்களத்தில் சொன்னார். அதைத் துரை கையால் ஒதுக்கினார். கிழவரைக் கூலிகள் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாராம். கூட நின்ற காசிம் நானா என் காதில், "மூணு மதத்துக்காரனும் வெள்ளையடிச்சம். வெள்ளக்காரனுக்குத் தான் பிடிக்கல்ல," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனால் அவர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. நான் எழுத்தைக் கெடுத்தது உண்மை. அடைத்த சுண்ணாம்பு இன்னும் பள்ளத்தில் இருக்கிறது. அதைக் கிளறினால் கல்லும் போகும். அந்த ராஜா என்ன சொல்லியிருந்தான் என்று இனி யாரும் படிக்க முடியாது. அதற்கு என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். கெட்ட எண்ணம் என்றதைத்தான் என்னால் முழுங்க முடியவில்லை.

ஒரு மாதத்தில் வேலி வந்தது. உத்தரவு வந்தது. இந்த இடம் முதலில் யாருடையதோ அவர்களுக்கே உரியது. ஆகவே ஆமதுருவிடம் வேலிக்கதவின் சாவி. பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட வழிபாடுகளுக்கு அனுமதி இல்லை. கூலிகள் உள்ளே வரக்கூடாது. பக்கீர் சமாதிக்கும் அதே கதி.

முதலில் வந்தவனுக்குத்தான் இடம் என்றால், துரை எப்போது வந்தார்? இதை நான் உங்களைத்தான் கேட்க முடியும். இங்கே யாரைக் கேட்பேன்?

5

பேப்பரைப் படித்த பிறகு வந்த திங்கட்கிழமையே அஞ்சலை மனு எழுதினாள். வேண்டாம் என்று நான் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

"ஒன் வேல போயிரும்டி. லயத்துக் காம்பராவும் போயிரும்."

"போனாப் போவுதுப்பா. அம்மாவுக்கு வெளக்கு வைக்க வேற எடம் எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"ஊருக்குப் போய்ப் பாத்துக்குவோம். திருச்சிப் பக்கம் நம்ம..."

"ஒங்க ஊரு," என்றாள். "எனக்கு அங்க யாரத் தெரியும்? அம்மா இங்கதான கெடக்குறாங்க?"

இப்படித்தான் பேசுகிறாள். சிங்களப் பெண்களோடு சிங்களத்தில் சிரிக்கிறாள். காலையில் கஞ்சி வேண்டாம், ரொட்டி வேண்டும் என்கிறாள். ஊரிலிருந்து வருகிற உங்கள் கடுதாசியைப் படித்துக்காட்டச் சொன்னால் வேறு யாருக்கோ வந்தது மாதிரி படிக்கிறாள். இதுவும் எனக்கு ஒரு கவலைதான். ஆனால் அன்றைக்கு அவள் பின்னாலேயே கச்சேரிக்குப் போனேன்.

கச்சேரியில் அதே யாழ்ப்பாணத்து ஐயா. மனுவோடு வாக்குமூலமும் வேண்டும் என்று ஒரு தாளை எடுத்தார்.

"என்ன சமயம்?"

"சைவங்க."

"மடம் பௌத்தம். அப்ப உமக்கு அங்கை என்ன அலுவல்?"

"செத்தவங்களுக்கு வெளக்கு வைக்கிறதுங்க."

"அப்பிடி எழுத ஒரு கட்டம் இந்தத் தாளிலை இல்லை," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தாளைத் திருப்பிப் பார்த்தார். "வேறை ஏதும் சொல்ல இருக்கோ?"

அஞ்சலை என்னைப் பார்த்தாள்.

"இருக்குங்க. அந்த மடத்துத் தூண் ஆறு, தொரை பங்களா வாசல்ல நிக்குது. தொரை சொல்லி நாந்தான் பேத்தேன். தாமரயவும் நாந்தான் வெட்டுனேன். நாசம்னு எழுதினா அதயும் எழுதுங்க. எம் பேரயும் போடுங்க. கூலிகள்னு பொதுவாப் போடாதீங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "கொத்தனார், யோசிச்சுத்தான் சொல்லுறீரோ? நான் இதை எழுதினால் பிறகு அழிக்கேலாது."

"எழுதுங்க."

அவர் எழுதினார். ஒரு சொல் விடாமல் எழுதி, எனக்குப் படித்தும் காட்டினார். அந்த மனிதரை நான் இனிக் குறை சொல்ல மாட்டேன்.

6

போன வியாழக்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்கள். எங்கள் வரிசையில் எனக்கு முந்தினவன் பெயர் வந்தது, பிந்தினவன் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை. கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமலே பற்றுச்சீட்டை நீட்டினார். அது வேலையிலிருந்து விடுவித்த சீட்டு. மாதக் கடைசிக்குள் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் அஞ்சலைக்கும் இனி வேலை இல்லை. மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை. தூண்கள் நின்ற இடத்தில் நிற்கின்றன.

மறுநாள் ஆடி வெள்ளி. வேலை முடிந்த கையோடு, வெயில் சாய்வதற்குள், லயத்து ஜனம் முழுதும் மேடேறியது. யாரும் கூப்பிடவில்லை. என்னோடு யாரும் சேரக்கூடாது என்று பெரிய கங்காணி சொல்லியிருந்தான். அப்படியும் எனக்கு வழிவிட்டு முன்னால் போகச் சொன்னார்கள்.

ஆமதுரு வேலிக்கு உள்ளே நின்றார். சாவி கையில் இருந்தது. "தெறக்கவா?" என்று கேட்டார்.

திறந்தால் அவருக்கு ஆபத்து. அதையும் நான் யோசித்தேன். ஆனால் வேண்டாம் என்றதற்குக் காரணம் அது மட்டுமல்ல. "வேணாம் சாமி. திருட்டுத்தனமா நொழைய மாட்டோம். உத்தரவோட வர்றோம்."

அவர் உள்ளே போய்ப் படிக்கட்டில் அகல்களை வரிசையாக எடுத்து வைத்தார். மடியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"நான் பத்த வைக்கிறேன். ஆனா யாருக்குன்னு எனக்குத் தெரியணும். பேர் சொல்லுங்க. ஊரும் சொல்லுங்க. எழுதி வைக்கிறேன். எனக்குப் பொறகு வர்றவனும் பத்த வைப்பான்."

பழனியம்மாதான் முதலில் கம்பிக்குப் பக்கத்தில் போனாள். புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று அவள் முழிக்க, பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அடுத்து ஒருத்தர். அடுத்து ஒருத்தர். ஊரிலிருந்து நடந்து வந்த மன்னார்ப் பாதையில் வாந்திபேதியில் விழுந்தவர்கள், பிரசவத்தில் போனவர்கள், பெயர் வைக்கும் முன்பே போன குழந்தைகள். தோட்டத்தில் ஆள் செத்தால் பெயர்மேல் ஒரு கோடு கிழிப்பார்கள். அதற்கு மேல் எந்த எழுத்தும் கிடையாது. இத்தனை பேர் இந்த மலையில் கிடக்கிறார்கள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து போய் ஓர் அகலைப் பற்றவைத்துவிட்டு வந்து, மறுபடி எழுதினார். கிழவருக்கு மூச்சு வாங்கியது.

என் முறை வந்தது. அஞ்சலை என்னைத் தாண்டிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மருதாயி," என்றாள். "எங்கம்மா."

"ஊர்?"

எல்லோரும் அதுவரை திருச்சி, மதுரை, புதுக்கோட்டை என்றுதான் சொல்லி வந்தார்கள். அவள் திரும்பிக் கீழே தேயிலையைப் பார்த்தாள்.

"இந்த மலதான் சாமி," என்றாள். "இதே மலதான். எழுதுங்க."

ஆமதுரு என்னைப் பார்த்தார், நான் திருத்துவேனோ என்று. நான் தலையாட்டினேன். அவர் எழுதினார்.